பில்லில் வராத செலவு: புது பார்ட் போட்டதும் பழைய கம்ப்யூட்டர் ஹேங் ஆன வரலாறு

நாலைந்து வருடம் மக்கர் பண்ணாமல் ஓடிய கம்ப்யூட்டர். புதிதாக ஒரு ரேமோ, சவுண்டு கார்டோ, பெரிய ஹார்ட் டிஸ்க்கோ வாங்கிப் போட்ட மறுநாள் மவுஸ் அம்பு நட்டுவைத்த கம்பு மாதிரி அப்படியே நின்றுவிடுகிறது. கேப்ஸ் லாக் தட்டினால் விளக்கு எரிவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் பத்து நிமிடம் ஓடுகிறது, பிறகு அதே கதை. புது பார்ட் விற்றவர் "சரக்கு நல்லாத்தான் இருக்கு, உங்க போர்டுலதான் கோளாறு" என்கிறார். போர்டு விற்றவர் "இத்தனை நாள் ஓடுச்சுல்ல, புதுசா போட்டதுதான் பிரச்சினை" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இதில் வேடிக்கை!

இந்தக் கோளாறுக்கு நாற்பது வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைப் புரட்டிப் பார்த்தால் இது தொழில்நுட்பக் கதை மட்டுமில்லை, வியாபாரக் கதையும் கூட என்பது தெரியும். பர்சனல் கம்ப்யூட்டர் எந்தக் காரணத்தால் மலிவானதோ, அதே காரணத்தால்தான் ஹேங்கும் ஆனது.

ஐந்து ஸ்லாட்டுகள்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. அடிப்படை மாடலின் விலை 1,565 டாலர். பெரிய இயந்திரங்களைத் தன் சொந்தப் பாகங்களால் கட்டிப் பழகிய கம்பெனி அது. ஆனால் இந்த முறை அவசரம். ஃபுளோரிடாவின் போகா ரேட்டன் நகரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் இயங்கிய சிறு குழு, சுமார் ஒரே வருடத்தில் வேலையை முடிப்பதற்காக வெளியில் கிடைத்த பாகங்களையே வாங்கிச் சேர்த்தது. பிராசசர் இன்டெல்லின் 8088. ஆபரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்டுடையது. போர்டில் கூடுதல் கார்டுகள் செருக 5 ஸ்லாட்டுகள். போதாக்குறைக்கு சர்க்யூட் படங்களையும் பயாஸ் நிரலையும் டெக்னிக்கல் மேனுவலில் அச்சிட்டே கொடுத்துவிட்டார்கள்.

கதவைத் திறந்து வைத்தால் யார் வேண்டுமானாலும் வரலாம் அல்லவா? கார்டு செய்யும் கம்பெனிகள் வரிசையாக வந்தன. 1982 நவம்பரில் காம்பேக் நிறுவனம் ஐ.பி.எம். சாஃப்ட்வேரெல்லாம் அப்படியே ஓடும் கம்ப்யூட்டரை அறிவித்தது. 1984ல் ஃபீனிக்ஸ் நிறுவனம் ஐ.பி.எம். பயாஸுக்கு நிகரான ஒன்றை எழுதி மற்றவர்களுக்கு விற்க ஆரம்பித்தது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டர் கட்டலாம் என்றாகிவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் போர்டு ஒரு கம்பெனி, ரேம் இன்னொரு கம்பெனி, கேபினட் பெயரே இல்லாத கம்பெனி என்று பொறுக்கியெடுத்து 'அசெம்பிள்ட்' கம்ப்யூட்டர் கட்ட முடிந்ததற்கு மூலகாரணம் இந்த ஐந்து ஸ்லாட்டுகள்தான்.

விலை இறங்கியது. கூடவே ஒரு கேள்வியும் பிறந்தது. பத்து கம்பெனிகளின் பாகங்கள் சேர்ந்து ஓடும் பெட்டி நின்றுபோனால் பொறுப்பு யாருடையது?

எட்டு காலிங் பெல்

முதல் தகராறு 'இன்டரப்ட்' என்ற விஷயத்தில் வந்தது. பிராசசர் வீட்டுக்குள் வேலையாக இருக்கும் ஆள் என்றால், கீபோர்டு, டிஸ்க், மோடம் எல்லாம் வாசலில் வந்து காலிங் பெல் அடிப்பவர்கள். எந்த பெல் அடித்தது என்பதை வைத்துத்தான் யார் வந்திருக்கிறார்கள் என்று பிராசசருக்குத் தெரியும். முதல் ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் இந்த வேலையைச் செய்தது இன்டெல் 8259ஏ என்ற சிப். அதில் இருந்தவை 8 பெல்கள்.

எண் 0 கடிகாரத்துக்கு. 1 கீபோர்டுக்கு. 3, 4 இரண்டும் சீரியல் போர்ட்டுகளுக்கு. 5 அடுத்து வந்த எக்ஸ்.டி. மாடலில் ஹார்ட் டிஸ்க்குக்கு. 6 ஃபிளாப்பிக்கு. 7 பிரிண்டருக்கு. மிச்சம் இருந்தது 2 மட்டும்தான்! 1984ல் வந்த ஏ.டி. மாடலில் இரண்டாவது சிப் ஒன்றைச் சேர்த்து மொத்தம் 15 ஆக்கினார்கள். அதிலும் பலவற்றை போர்டே எடுத்துக்கொண்டது. கையில் நாலைந்து தேறினால் பெரிய விஷயம்.

அன்றைய ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டில் ஒரே பெல்லை இரண்டு கார்டுகள் ஒழுங்காகப் பகிர்ந்துகொள்ள வழி இல்லை. ஒன்று அடித்துக்கொண்டிருக்கும்போது மற்றது அடித்தால் அந்தச் சத்தம் கேட்காமலே போய்விடும். நான்கு சீரியல் போர்ட்டுகளில் காம் 1, காம் 3 இரண்டுக்கும் 4ஆம் எண். காம் 2, காம் 4 இரண்டுக்கும் 3ஆம் எண். காம் 1ல் மவுஸ் வைத்திருப்பவர் புதிதாக ஒரு இன்டர்னல் மோடம் வாங்கி அதைக் காம் 3ல் அமைத்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும். மோடம் டயல் செய்த நொடியில் மவுஸ் செத்துவிடும். மோடமும் நல்ல மோடம், மவுஸும் நல்ல மவுஸ். தகராறு பெல்லில்.

தீர்வு, கார்டில் இருக்கும் 'ஜம்பர்' என்ற கடுகளவு பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்கி வேறு ஊசியில் செருகுவது. 1989ல் வந்த சவுண்டு பிளாஸ்டர் கார்டை 7ஆம் எண்ணில் வைத்தால் பிரிண்டரோடு மோதும், 5க்கு மாற்றினால் பெரும்பாலும் ஓடும். எந்தக் கார்டு எந்த எண்ணில் இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. தாள் தொலைந்தால் எல்லாக் கார்டையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மருந்து இருந்தது, வாங்க ஆளில்லை

இந்த நோய்க்கு ஐ.பி.எம். நல்ல மருந்தே கண்டுபிடித்தது. 1987 ஏப்ரலில் வந்த அதன் பி.எஸ்/2 வரிசையில் பல மாடல்களில் 'மைக்ரோ சேனல்' என்ற புது வகை ஸ்லாட் இருந்தது. அதில் ஒரே இன்டரப்டை இரண்டு கார்டுகள் பகிரலாம். ஜம்பர் கிடையாது. ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கூடவே தரப்படும் ஃபிளாப்பியைப் போட்டால் அதுவே எண்களைப் பிரித்துக் கொடுக்கும். சாதாரண கம்ப்யூட்டர்களுக்கு இதே வசதி வர இன்னும் பல வருடங்கள் ஆயின.

ஆனால் இரண்டு விஷயங்கள் இடித்தன. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த கார்டு ஒன்றுகூட அந்த ஸ்லாட்டில் பொருந்தாது. அதைவிட முக்கியம், மற்ற கம்பெனிகள் மைக்ரோ சேனலைப் பயன்படுத்த ஐ.பி.எம்.முக்கு உரிமத்தொகை கட்ட வேண்டும். ஆறு வருடம் முன்பு திறந்துவிட்ட கதவைத் திரும்பச் சாத்தும் முயற்சி என்றுதான் போட்டியாளர்கள் இதைப் பார்த்தார்கள். காம்பேக், எச்.பி., எப்சன், என்.இ.சி. உட்பட ஒன்பது கம்பெனிகள் கைகோத்து 1988 செப்டம்பரில் 'ஈசா' என்ற போட்டி ஸ்லாட்டை அறிவித்தன. அதில் பழைய கார்டுகளும் பொருந்தும். விலை அதிகம் என்பதால் அதுவும் பெரும்பாலும் சர்வர்களோடு நின்றுவிட்டது. சாதாரண ஜனங்கள் பழைய ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டையும் ஜம்பரையுமே வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையின் திருப்பமே இதுதான். மோதல் குறைந்த, ஆனால் ஒரே கம்பெனிக்குச் சொந்தமான பெட்டி ஒரு பக்கம். அடிக்கடி ஹேங் ஆகிற, ஆனால் யாருக்கும் சொந்தமில்லாத மலிவான பெட்டி மறுபக்கம். சந்தை இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. அதற்கான விலையைக் கம்பெனிகள் கட்டவில்லை. ராத்திரி இரண்டு மணிவரை கேபினட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் கட்டினார்கள்.

(பி.எஸ்/2வில் தோன்றிய வி.ஜி.ஏ. திரையையும், கீபோர்டு மவுஸுக்கான அந்தக் குட்டி வட்ட பிளக்கையும் போட்டியாளர்கள் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டார்கள். ஸ்லாட்டை மட்டும்தான் விட்டுவிட்டார்கள்!)

செருகு, பிரார்த்தனை செய்

1992ல் இன்டெல் கொண்டுவந்த பி.சி.ஐ. ஸ்லாட்டில் இன்டரப்டைப் பகிர முடிந்தது. 1993ல் ஐ.எஸ்.ஏ. கார்டுகளுக்கும் 'பிளக் அண்ட் பிளே' விதிமுறை வந்தது. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 இதைப் பெரிய விளம்பரத்தோடு வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. செருகினால் ஓடும் என்பது வாக்குறுதி. பழைய ஜம்பர் கார்டும் புது கார்டும் ஒரே பெட்டியில் இருந்தபோது அந்த வாக்குறுதி பலமுறை பொய்த்தது. 'செருகிவிட்டுப் பிரார்த்தனை செய்' என்று ஜனங்கள் கிண்டல் செய்தார்கள்.

அதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, அவருடைய உதவியாளர் ஒரு ஸ்கேனரை விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில் செருகினார். நீலத்திரை! அரங்கமே சிரித்தது. இன்னும் விற்பனைக்கு விடாததற்கு இதுதான் காரணம் போலும் என்று கேட்ஸே சொல்லிச் சமாளித்தார்.

எண்களால் கட்டிய சுவர்

இன்டரப்ட் தொல்லை ஒருபக்கம் குறைந்துகொண்டே வர, ஹார்ட் டிஸ்க் பக்கம் இன்னொரு தொல்லை வளர்ந்தது. 1980களில் டிஸ்க்கின் அளவைக் குறித்துவைக்க எத்தனை பிட் ஒதுக்கினால் போதும் என்று ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். பயாஸ் 1,024 சிலிண்டர் வரை எண்ணும். ஐ.டி.இ. டிஸ்க் 16 ஹெட் வரை எண்ணும். இரண்டையும் சேர்த்தால் 1,024 × 16 × 63 × 512, அதாவது 52,84,82,304 பைட். சுமார் 528 எம்பி! தனித்தனியாக இரண்டு கணக்கும் தாராளமானவை. சேர்ந்தபோதுதான் கழுத்தைப் பிடித்தன. 1990களின் மத்தியில் கணக்கிடும் முறையை மாற்றி இந்தச் சுவரைத் தாண்டினார்கள்.

அடுத்த சுவர்கள் வரிசையாக வந்தன. 8.4 ஜிபி, 33.8 ஜிபி, 137 ஜிபி. இவற்றில் 1999ல் பலரைப் படுத்தியது 33.8. அந்த அளவைத் தாண்டிய டிஸ்க்கில் சிலிண்டர் எண்ணிக்கை 65,535ஐத் தாண்டிவிடும். 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் அதுதான். அன்று பரவலாக இருந்த அவார்ட் பயாஸின் சில பழைய பதிப்புகள் இந்த எண்ணைப் பார்த்ததும், டிஸ்க்கைத் தேடும் கட்டத்திலேயே அப்படியே நின்றுவிடும். விண்டோஸ் ஏறுவதற்கே வழியில்லை. டிஸ்க்கைக் கழற்றினால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடும். ஆகவே டிஸ்க்தான் பழுது என்று முடிவுகட்டித் திருப்பிக் கொடுக்கத் தோன்றுவது இயல்பு.

டிஸ்க் கம்பெனிகள் இதற்காகவே ஒரு ஜம்பர் வைத்தன. அதைப் போட்டால் 40 ஜிபி டிஸ்க் தன்னைச் சிறியதாகக் காட்டிக்கொள்ளும், கம்ப்யூட்டர் கிளம்பும். பணம் கொடுத்து வாங்கிய மீதி இடம் கிடைக்காமல் போகும். சரியான தீர்வு, போர்டு கம்பெனி பயாஸுக்குப் புதுப் பதிப்பு தருவது. பழைய போர்டுக்கு இலவசமாக வேலை செய்வதில் கம்பெனிக்கு என்ன லாபம்? சிலர் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை.

வேகம் கூடினாலும் ஆபத்து

பிராசசரை மாற்றினால் வேகம் கூடும், ஹேங் ஆகக் காரணமில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1998ல் ஏ.எம்.டி. கே6-2 பிராசசர் வந்தது. அதன் 350 மெகாஹெர்ட்ஸ் மற்றும் அதற்கு மேற்பட்ட வகைகளில் விண்டோஸ் 95 சில நேரம் கிளம்பாமல் பிழைச்செய்தி காட்டி நின்றது. விண்டோஸின் ஒரு பகுதி கிளம்பும்போது ஒரு சுற்று வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து, அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கும். புது பிராசசர் அதை மிக வேகமாக முடித்ததால் அளந்த நேரம் பூஜ்ஜியம்! அடுத்த வரியில் அந்தப் பூஜ்ஜியத்தால் வகுக்கப் போய் எல்லாம் நின்றது. மைக்ரோசாஃப்ட் இதற்கு ஒரு திருத்தம் வெளியிட்டது. பிராசசரிலும் குறையில்லை, போர்டிலும் குறையில்லை. இவ்வளவு வேகமாக ஒன்று வரும் என்று எழுதியவர் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

புது சரக்கே பழுதாக இருந்தால்?

எல்லாப் பழியையும் பழைய பெட்டியின் மேல் போட்டுவிடவும் முடியாது. இன்டெல்லின் 820 சிப்செட் போர்டுகளில், சாதாரண எஸ்.டி.ரேம் மெமரியைப் பயன்படுத்த உதவும் மொழிபெயர்ப்பு சிப் ஒன்று இருந்தது. அதில் மின் இரைச்சல் தொல்லையால் சில கம்ப்யூட்டர்கள் ரீஸ்டார்ட் ஆவதும் ஹேங் ஆவதும் தெரியவந்து, 2000 மே மாதம் இன்டெல்லே அந்த போர்டுகளைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் ஜூலை 31 அன்று அறிவித்த 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 பிராசசரை, லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்யும் சோதனையில் அது தடுமாறுவதை விமர்சகர்கள் காட்டியபின், ஆகஸ்ட் 28 அன்று நிறுத்தியது.

உலகத்தின் பெரிய சிப் கம்பெனிக்கே ஒரே வருடத்தில் இரண்டு முறை நடந்தது. ஆகவே புதுசு என்பதால் ஒரு பார்ட் நிரபராதி ஆகிவிடாது.

கடைசியில் கரண்ட்

இதுவரை பார்த்தவற்றுக்கு எண்ணோ பெயரோ இருந்தது. மின்சாரக் கோளாறு அப்படிச் சொல்லிக்கொண்டு வராது. பழைய கம்ப்யூட்டர்களில் பிராசசர் தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெரும்பாலும் 5 வோல்ட் கம்பியிலிருந்து எடுத்தது. 2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது அந்தச் சுமை 12 வோல்ட் கம்பிக்கு மாறியது, அதற்காகத் தனியாக நாலு முனை பிளக் ஒன்றும் வந்தது. கேபினட்டோடு சேர்ந்தே வந்த பழைய எஸ்.எம்.பி.எஸ். 5 வோல்ட்டில் பலசாலி, 12 வோல்ட்டில் நோஞ்சான். புது போர்டையோ பெரிய கிராஃபிக்ஸ் கார்டையோ அதோடு இணைத்தால் சும்மா இருக்கும்போது ஓடும். கேம் போட்டதும் நிற்கும்.

இதோடு 'கெப்பாசிட்டர்' கொள்ளைநோயும் சேர்ந்துகொண்டது. 2000களின் தொடக்கத்தில் தயாரான ஏராளமான போர்டுகளில் தரம் குறைந்த மின்பகுதிரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் இருந்தன. உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகி, அவற்றின் தட்டையான தலை உப்பும், சில நேரம் பழுப்பாகக் கசியும். டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளக்ஸ் கம்ப்யூட்டர்களில் பழுதான பாகங்களை மாற்றுவதற்காக 2005ல் 30 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுத வேண்டியிருந்தது. வீங்கிய கெப்பாசிட்டர்களோடு ஒரு போர்டு லேசான வேலையில் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு ஓடும். புது பார்ட் சேர்த்து சுமை ஏறிய அன்று படுத்துவிடும். பழி புது பார்ட்டின் மேல்!

வரலாறு கற்றுக்கொடுத்த வரிசை

இத்தனை வருட அடிகளிலிருந்து பழுது பார்ப்பவர்களிடம் ஒரு வரிசை உருவானது.

1. கழற்றும் முன் டேட்டாவை வேறு இடத்தில் நகலெடுத்துக்கொள். பார்ட்டுக்குப் பதில் பார்ட் வாங்கலாம், ஃபோட்டோவுக்குப் பதில் ஃபோட்டோ வாங்க முடியாது.

2. புதிதாகப் போட்டதைக் கழற்றிப் பார். கழற்றியும் ஹேங் ஆனால் கைபட்டு ஏதாவது கேபிள் தளர்ந்திருக்கலாம், ரேம் சரியாக உட்காராமல் இருக்கலாம்.

3. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. ஜம்பர் காலத்துத் தாளும் பேனாவும் இன்றும் உதவும்.

4. எப்போது நிற்கிறது என்று கவனி. விண்டோஸுக்கு முன்பே என்றால் பயாஸைச் சந்தேகி. டிரைவர் ஏறும்போது என்றால் சாஃப்ட்வேரை. நேரம்காலம் இல்லாமல் என்றால் ரேமை. சுமை ஏறும்போது என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் சூட்டையும்.

5. ரேமைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. 1994ல் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடு.

6. புது பார்ட்டை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார். இந்த ஒரு சோதனை இரண்டு கடைக்காரர்களின் வாக்குவாதத்தையும் பெரும்பாலும் முடித்துவைக்கும்.

யார் கட்டிய விலை?

இன்று பழைய சுவர்கள் பெரும்பாலும் இடிந்துவிட்டன. பெல் அடிக்க வந்தவர்கள் இப்போது மெசேஜ் அனுப்புகிறார்கள், கம்பிகளின் எண்ணிக்கைக்கு அங்கே வேலையில்லை. 48 பிட் முகவரி வந்தபின் 137 ஜிபி சுவரும், ஜி.பி.டி. வந்தபின் 2 டிபி சுவரும் பழங்கதை. ஆனால் பழைய பெட்டிகள் போய்விடவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதி இல்லாத கம்ப்யூட்டர்களுக்கு எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் ரேமும் போட்டு, லினக்ஸ் ஏற்றி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய பெட்டி நாளைக்கு ஹேங் ஆகும். எஸ்.எஸ்.டி. விற்றவரும் ரேம் விற்றவரும் அதே பழைய வசனத்தைப் பேசுவார்கள்.

ஒரு பொருளின் விலையைக் கணக்கிடும்போது பில்லில் இருக்கும் தொகையை மட்டும் பார்ப்பது வழக்கம். பர்சனல் கம்ப்யூட்டரின் வரலாறு வேறு கணக்கைக் காட்டுகிறது. எல்லாப் பாகங்களையும் சேர்த்து ஓடவைக்கும் பொறுப்பை ஒரே கம்பெனி ஏற்றிருந்தால் விலை ஏறியிருக்கும். யாரும் ஏற்காததால் விலை இறங்கியது, அந்த வேலை வாங்கியவரின் தலையில் விழுந்தது. அதனால்தான் நடுத்தர வீடுகளுக்கும் கம்ப்யூட்டர் வந்தது. அதனால்தான் நல்ல மோடம்களும் நல்ல டிஸ்க்குகளும் பழுது என்று குப்பைக்கும் போயிருக்கும். பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனால் புதுசைத் திட்டுவதற்கு முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு துண்டுத் தாளும் எடுத்துக்கொள்வது நல்லது. மீதிப் பணம் அந்த உழைப்பாகத்தான் கட்டப்படுகிறது.